துளை வழியே தெரிந்த நீலம்

போன வருஷம் ஒரு நைட் டியூட்டியில், விடியற்காலை மூன்று மணி இருக்கும், வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. அமெரிக்காவில் படிக்கிற என் அண்ணன் மகள் அனுப்பியிருந்தாள். அங்கே அப்போது மத்தியானம். லீவுக்குத் தோழிகளோடு நியூ மெக்ஸிகோ பக்கம் சுற்றப் போனவள், சான்டா ஃபே ஊரில் ஒரு மியூசியத்துக்குள் நுழைந்திருக்கிறாள். படத்துக்குக் கீழே ஒரே வரி: "அத்தை, உங்க டிபார்ட்மென்ட் சமாச்சாரம்!"

திரையை அடைத்துக்கொண்டு ஒரு வெள்ளை எலும்பு. நடுவில் முட்டை வடிவில் ஒரு துளை. துளைக்குள் நீல வானம். அந்த வானத்தில் பாதி கரைந்த மாதிரி ஒரு நிலா.

நான் எக்ஸ்ரே டெக்னீஷியன். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா, லாரிக்குப் பின்னால் போய்ச் செருகிய டூவீலர் பையன், பிரசவம் ஆகி வருஷமாகியும் இடுப்பு வலி போகவில்லை என்று வரும் பெண். ஒரு நாளைக்கு நாலைந்து இடுப்பெலும்புப் படமாவது எடுக்காமல் என் ஷிஃப்ட் முடியாது. எங்கள் பாஷையில் 'பெல்விஸ் ஏபி'. மல்லாந்து படுக்கச் சொல்லி, இரண்டு கால் கட்டைவிரலும் தொட்டுக்கொள்கிற மாதிரி பாதத்தை உள்பக்கம் திருப்பி வைத்து, "அசையாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் போய்ப் பட்டனை அழுத்துவேன். ஆக, இடுப்பெலும்பு எனக்குப் புதுசில்லை. அதை ஒருத்தர் கையில் எடுத்து ஆகாயத்துக்கு நேரே தூக்கிப் பிடிப்பார் என்பதுதான் புதுசு.

"இது மாட்டோடதா இருக்கும், மனுஷ எலும்பு இல்ல" என்று பதில் போட்டேன். வேலைப் புத்தி. அவள் சிரிப்பு பொம்மை ஒன்றை அனுப்பினாள். அதற்குள் கேஷுவாலிட்டியிலிருந்து ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. விடிந்து பஸ்ஸில் வீடு திரும்பும்போது மறுபடி எடுத்துப் பார்த்தேன். அந்த வாரம் முழுக்கப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

வரைந்தவர் ஜார்ஜியா ஓ'கீஃப். அந்த ஓவியம் 'பெல்விஸ் 4', 1944. அண்ணன் மகள் போன மியூசியம் முழுக்க அவர் பெயரில்தான் இருக்கிறது, 1997-ல் திறந்தார்கள். ஓவியம் பற்றி எனக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. ஆனால் ஒரு விஷயம் பிடித்துவிட்டால் விடமாட்டேன். இந்த ஒரு வருஷத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன், பார்த்தேன். எல்லாம் செல்போன் திரையிலும் நூலகத்துப் புத்தகத்திலும்தான். ஒரே நீலம் மூன்று புத்தகத்தில் மூன்று நீலமாக இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவர் பிறந்தது 1887-ல், விஸ்கான்சின் மாநிலத்தில், பால் பண்ணைக்காரர் வீட்டில். ஏழு பிள்ளைகளில் இரண்டாவது, பெண்களில் மூத்தவர். பச்சைப் பசேல் என்ற ஊர். அங்கே பிறந்தவர் பாலைவனத்துக்கு வந்து சேர்ந்தது நேர் வழியில் அல்ல. 1916 மே மாதம் அவருடைய அம்மா காசநோயில் இறந்தார். அதே வருஷம் செப்டம்பரில் டெக்ஸாஸில் கேன்யன் என்ற ஊருக்கு ஓவிய ஆசிரியராகப் போனார். மரமே இல்லாத வறண்ட சமவெளி. அம்மா போன கையோடு மகள் போய் நின்ற இடம் அது. மறு வருஷம் தங்கையோடு ரயிலில் போகும்போதுதான் நியூ மெக்ஸிகோவை முதல்முறை பார்த்தார். திரும்பப் போய்த் தங்க இன்னும் பன்னிரண்டு வருஷம் ஆனது.

நடுவில் நியூயார்க். நடுவில் ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸ். பெரிய புகைப்படக்காரர், காலரி நடத்தியவர், இவரைவிட இருபத்துமூன்று வயது மூத்தவர். இவருடைய ஓவியங்களை உலகத்துக்குக் காட்டியது அவர்தான், அதில் சந்தேகமில்லை. 1924-ல் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

ஓ'கீஃபுக்குக் குழந்தை பெற்றுக்கொள்ள ஆசை இருந்தது என்று அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள். ஸ்டீக்லிட்ஸுக்கு இல்லை. அவர் பயந்ததற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவருடைய தங்கை ஃப்ளோரா 1890-ல் பிரசவத்தில் இறந்தார். முதல் கல்யாணத்தில் பிறந்த மகள் கிட்டி, 1923-ல் ஆண் குழந்தை பெற்ற பிறகு மனநிலை பாதிக்கப்பட்டு, மிச்ச வாழ்நாளை மனநல விடுதியிலேயே கழித்தார். இரண்டு பிரசவம், இரண்டும் வீட்டுக்குள்ளேயே நடந்த இடி. அந்த மனுஷன் இன்னொரு பிரசவத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் எனக்குப் புரிகிறது.

புரியாதது ஒன்று உண்டு. இதே ஸ்டீக்லிட்ஸ் 1919-ல் பெண்களின் கலையைப் பற்றி எழுதும்போது, பெண் உலகத்தைத் தன் கருப்பை வழியாகத்தான் உள்வாங்குகிறாள், புத்தி அதற்கப்புறம்தான் என்று எழுதினார். தன்னிடம் இருந்த ஓவியரின் பூக்களையும் மலைகளையும் அப்படியே படிக்கச் சொல்லி ஊருக்கும் சொல்லிக்கொடுத்தார். கருப்பையை வைத்துப் படத்துக்கு அர்த்தம் சொல்ல வேண்டும், ஆனால் கருப்பை வைத்திருந்தவள் கேட்டது நடக்கக் கூடாது. இது என்ன நியாயம்? இந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு ஒரு காபி போட்டுக் குடித்தேன்.

1929 கோடையில் நியூ மெக்ஸிகோவின் தாவோஸ் ஊருக்குப் போனார். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு ஒரு ஃபோர்டு மாடல் ஏ வாங்கினார். முன் இருக்கையைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டு, பின் இருக்கையில் கான்வாஸைச் சாய்த்து வைத்து, காருக்குள்ளேயே உட்கார்ந்து வரைவார். வெளியே வெயில், தேனீ. காருக்குள் அடுப்பு மாதிரி காய்ந்திருக்கும். ஆனாலும் வரைந்தார். அதற்குப் பிறகு அநேகமாக ஒவ்வொரு கோடையும் அங்கேதான்.

எலும்பு வந்தது மறு வருஷம், 1930-ல். வறட்சிக் காலம். பூ தேடிப் போனால் பூ இல்லை, செத்த மாடு குதிரைகளின் எலும்புதான் கிடந்தது. பொறுக்கிப் பொறுக்கி ஒரு பீப்பாய் நிறைய அடைத்து நியூயார்க் மாநிலத்துக்கு, ஸ்டீக்லிட்ஸ் குடும்பத்தின் லேக் ஜார்ஜ் வீட்டுக்குச் சரக்கு ரயிலில் அனுப்பிவிட்டார். ஊருக்குப் போன பெண்டாட்டி என்ன வாங்கி அனுப்பியிருக்கிறாள் என்று பீப்பாயைத் திறந்து பார்த்த வீட்டார் முகத்தை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

அந்த எலும்புகளோடு துணிப்பூக்களும் சேர்ந்து வந்தன. நியூ மெக்ஸிகோவில் கல்லறைகளுக்கு வைக்கிற பூ. ஒரு நாள் எலும்புகளை எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்கும்போது சமையலறைக் கதவை யாரோ தட்டியிருக்கிறார்கள். கையில் இருந்த ரோஜாவை எங்கே வைப்பது என்று குதிரை மண்டையோட்டின் கண்குழியில் செருகிவிட்டுக் கதவைத் திறக்கப் போனார். திரும்பி வந்து பார்த்தால் அது நன்றாக இருந்தது. சரி, இப்படியே வரைவோம் என்று வரைந்துவிட்டார். 1931-ன் 'இளஞ்சிவப்பு ரோஜாவோடு குதிரை மண்டையோடு' பிறந்த கதை இவ்வளவுதான். இந்த ஓவியத்தைப் பற்றி மரணம், உயிர்ப்பு என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். அவர் சொன்னதோ கதவு தட்டிய கதை.

1934-லிருந்து கோஸ்ட் ரேஞ்ச் என்ற பண்ணைப் பக்கம் தங்க ஆரம்பித்து, 1940-ல் அங்கே ஒரு வீட்டை வாங்கினார். செம்மண் குன்றுகள், மஞ்சள் பாறை, தூரத்தில் உச்சியை வெட்டியெடுத்த மாதிரி பெடர்னால் மலை. விலங்குகள் என்று பார்த்தால் மியூல் மான், காயோட்டி என்கிற குள்ளநரி ஜாதி, வாலைக் கிலுகிலுக்கும் பாம்பு. அந்தப் பாம்புகளை அவரே கொல்வார், கிலுக்குகளைச் சேர்த்து வைப்பார். பிற்காலத்தில் அபிக்யூ ஊரில் வாங்கிய இன்னொரு வீட்டில், மண் திண்ணைக்குள்ளேயே குழி எடுத்து ஒரு பாம்பின் முழு எலும்புக்கூட்டை வைத்துக் கண்ணாடி போட்டு மூடியிருக்கிறார். விருந்தாளி உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில். எனக்கு இந்தப் பெண்மணியை ரொம்பப் பிடித்துப்போனது இந்தத் திண்ணையால்தான்.

1936, 37-ல் மான் தலைகள் வருகின்றன. 'தொலைவிலிருந்து, அருகில்' என்று பொருள்படும் பெயரில் ஒரு ஓவியம், 1937. மண்டையோடு முன்னால் பெரிதாக நிற்கிறது. கொம்புகள் ஒரு மானுக்கு இருக்கக்கூடியதைவிட அதிகமாகக் கிளைத்துப் படர்ந்திருக்கின்றன. கீழே ரொம்பத் தூரத்தில் இளஞ்சிவப்பு மலைகள், சின்னச் சின்னதாக. நடுவில் இருக்க வேண்டிய தரை இல்லை. கையெட்டும் தூரத்தில் ஒன்று, கண்ணுக்கெட்டாத தூரத்தில் ஒன்று, இடையில் நடந்து போக வழியே கிடையாது. பிரிவைச் சொல்ல நம் பழைய புலவர்கள் பாலையை எடுத்துக்கொண்டார்கள். ஆறலை கள்வரும் காய்ந்த சுனையும் தன் நிழலைப் பெண்மானுக்குக் கொடுக்கிற கலைமானும் வருகிற அந்தப் பாட்டுகளைப் படித்தவர்களுக்கு, இந்த மான் எங்கேயோ பார்த்த மான் மாதிரிதான் இருக்கும். ஓ'கீஃபுக்கு அதெல்லாம் தெரிய நியாயமில்லை.

(இன்னொன்று. அவர் வரைந்த பூக்களிலேயே அதிக விலைக்குப் போனது எது தெரியுமா? ஊமத்தம்பூ. அவர் வீட்டைச் சுற்றி முளைத்துக் கிடந்தது. 1932-ல் வரைந்த அந்த வெள்ளை ஊமத்தை 2014-ல் 4 கோடியே 44 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. எங்கள் தெரு முனைக் குப்பைமேட்டில் பூத்துக் கிடப்பதை இப்போதெல்லாம் கொஞ்சம் மரியாதையோடுதான் தாண்டிப் போகிறேன்.)

இனி என் கதைக்கு வர வேண்டும். வராமல் எழுதி முடிக்கத்தான் முதலில் நினைத்தேன்.

2011-ல் நான் முழுகாமல் இருந்தேன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்து. எங்கள் தொழிலில் கர்ப்பம் என்று தெரிந்தவுடன் சொல்லிவிட வேண்டும், அதற்குப் பிறகு வயிற்றில் இருக்கும் சிசுவுக்கு மொத்தமாக ஒரு மில்லிசீவர்ட்டுக்கு மேல் கதிர்வீச்சு படக் கூடாது என்று விதி. நான் நாற்பதாவது நாளே சொல்லிவிட்டேன். எக்ஸ்ரே ரூமிலிருந்து என்னை ரெக்கார்டு செக்‌ஷனுக்கு மாற்றிவிட்டார்கள். பழைய ஃபிலிம் கவர்களுக்கு நம்பர் போடுகிற வேலை. ஐந்தாம் மாசம் ஸ்கேன். எங்கள் கட்டடத்திலேயே, எனக்குத் தெரிந்த டாக்டரம்மாதான் பார்த்தார். வயிற்றில் ஜெல் வைத்து, புரோபை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகர்த்தினார். அப்புறம் மானிட்டரைத் தன் பக்கம் கொஞ்சம் திருப்பிக்கொண்டார். அந்தத் திருப்பல் எனக்குத் தெரியும். எத்தனையோ பேருக்கு நானே செய்திருக்கிறேன்.

பெண் குழந்தை.

எங்கள் டிபார்ட்மென்டில் எல்லாரும் நெஞ்சில் ஒரு பேட்ஜ் குத்தியிருப்போம். டிஎல்டி பேட்ஜ். எவ்வளவு கதிர்வீச்சு பட்டது என்று அது கணக்கு வைத்துக்கொள்ளும். மூன்று மாசத்துக்கு ஒருமுறை அனுப்புவோம், ரிப்போர்ட் வரும். அந்தக் காலாண்டு ரிப்போர்ட் வந்தபோது என் பெயருக்கு நேரே பூஜ்யம். நான் எத்தனை தடவை அந்தப் பூஜ்யத்தைப் பார்த்திருப்பேன் என்று சொல்ல முடியாது. மாமியார் ஒரே ஒரு தடவை, காய் நறுக்கிக்கொண்டே, "அந்த ரூமுக்குள்ளயே நின்னா வேற என்ன ஆகும்" என்றார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டது. பூஜ்யத்தைக் கொண்டுபோய்க் காட்ட நினைத்தேன். காட்டவில்லை.

ஆறு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினேன். அதில் யாரும் யோசித்திராத ஒரு சங்கடம் இருந்தது. பிள்ளை பெறும் வயதில் உள்ள எந்தப் பெண்ணுக்கும் இடுப்புப் பக்கம் எக்ஸ்ரே எடுக்கும் முன் கேட்டே ஆக வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. "தலைக்குக் குளிச்சது எப்போம்மா? முழுகாம ஏதும் இருக்கீங்களா?" தினமும் பத்து தடவை. சிலர் வெட்கப்படுவார்கள், சிலர் சிரிப்பார்கள், சிலர் "அதெல்லாம் ஆபரேஷன் பண்ணியாச்சு" என்பார்கள். ஒரு பெண் மட்டும் டேபிளில் படுத்துக்கொண்டே, "உங்களுக்கு எத்தன புள்ளைங்கக்கா?" என்று திருப்பிக் கேட்டாள். "மூச்சை அடக்குங்க" என்றேன். இடுப்புப் படத்துக்கு மூச்சை அடக்கியே ஆக வேண்டும் என்றில்லை.

அப்புறம் எங்களுக்குக் குழந்தை தங்கவில்லை. அதை இதோடு விடுகிறேன்.

ஆகவே அண்ணன் மகள் அனுப்பிய படத்தில் நான் எதைப் பார்த்தேன் என்பதை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஓ'கீஃப் இடுப்பெலும்புகளை வரைந்தது 1943-லிருந்து 1945 வரை. அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டிய வயது. பெற்றிருக்க வேண்டிய பிள்ளை இனி இல்லை என்று உடம்பே சொல்லிவிட்ட வயது. அந்த வயதில் ஒரு பெண் இடுப்பெலும்பைக் கையில் எடுக்கிறாள், அதன் நடுவிலிருக்கும் வெற்றிடத்தைத் திரும்பத் திரும்ப வரைகிறாள். குழந்தை வர வேண்டிய வழி, வராத குழந்தை. எல்லாம் எவ்வளவு கச்சிதமாகப் பொருந்துகிறது! விமர்சகர்களிலும் இதே மாதிரி எழுதியவர்கள் உண்டு. நான் அதை நம்பினேன். என் துக்கத்துக்கு நியூ மெக்ஸிகோவில் ஒரு அக்கா கிடைத்துவிட்டாள் என்று இரண்டு மாசம் நிம்மதியாக இருந்தேன்.

கெடுத்தது ஓ'கீஃபேதான். 1944 கண்காட்சிக்கு அவர் எழுதிய குறிப்பைப் படித்தேன். அந்த எலும்புகளில் தனக்குப் பிடித்தது அவற்றின் ஓட்டைகள்தான், அவற்றின் வழியாகப் பார்த்ததுதான் என்கிறார். தன் உலகத்தில் தரையைவிட வானம் அதிகமாக இருப்பவர்கள் செய்கிற மாதிரி, எலும்பை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்தாராம். மனுஷர்கள் அழிக்க வேண்டியதையெல்லாம் அழித்து முடித்த பிறகும் அந்த நீலம் இப்போது இருக்கிற மாதிரியே இருக்கும் என்றும் எழுதினார். அவ்வளவுதான். பிள்ளை என்ற பேச்சே இல்லை. அதற்கு ஐந்து வருஷம் முந்தைய குறிப்பில் எலும்புகள் தனக்குப் பாலைவனத்தின் அடையாளம், நடமாடுகிற மிருகங்களைவிட அவற்றில்தான் உயிர் அதிகம் தெரிகிறது என்று சொல்லியிருந்தார். பூக்களைப் பற்றிக் கேட்டவர்களிடமும் சூடாகவே பதில் சொன்னார்: உங்கள் மனசில் இருப்பதை என் பூவின் மேல் கொண்டுவந்து மாட்டிவிட்டு, அதை நான் நினைத்ததாகச் சொல்கிறீர்கள் என்று.

ஸ்டீக்லிட்ஸ் செய்ததையேதான் நானும் செய்திருக்கிறேன். அந்தம்மா எதைக் காட்டினாலும் கருப்பையைத் தேடியிருக்கிறேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது.

அந்த நீலத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் எழுதிய அழிவு வெறும் வார்த்தை இல்லை. உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. அதே நியூ மெக்ஸிகோவில், லாஸ் அலமோஸ் மேட்டுநிலத்தில், 1943-லிருந்து அணுகுண்டு வேலை ரகசியமாக நடந்துவந்தது. அங்கிருந்த விஞ்ஞானிகள் ஓய்வெடுக்க கோஸ்ட் ரேஞ்சுக்கு வேறு பெயர்களில் வந்து போனதாகச் சொல்வார்கள். 1945 ஜூலை 16 அன்று அந்த மாநிலத்தின் தெற்கே முதல் குண்டைச் சோதித்தார்கள். அந்த வருஷம் வரைந்த 'பெல்விஸ்' ஓவியம் ஒன்றில் நீலமே இல்லை. எலும்பு சிவப்பு, துளைக்குள் மஞ்சள். இதற்கும் அதற்கும் முடிச்சுப் போட மாட்டேன். ஒரு தடவை போட்டுப் பட்டது போதும். ஆனால் கதிர்வீச்சோடு வேலை பார்க்கிறவள் என்பதால் அந்தத் தேதி கண்ணில் படாமல் போகவில்லை.

வெட்கத்தோடு விட்டிருப்பேன். ஆனால் தொழில் கண் விடவில்லை. ஒரு நாள் வேலை இல்லாத நேரத்தில் எங்கள் மானிட்டரில் ஒரு பெல்விஸ் படத்தைத் திறந்து வைத்து, பக்கத்தில் செல்போனில் 'பெல்விஸ் 4'-ஐ வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது. அது பிரசவ வழியே இல்லை.

இடுப்பெலும்பில் குழந்தை வருகிற வழி நடுவில் இருக்கும் பெரிய வளையம். பின்னால் திருவெலும்பு, இரண்டு பக்கமும் இடுப்பு எலும்புகள், முன்னால் அவை சேருமிடம், எல்லாம் சேர்ந்து கட்டுகிற சட்டி. ஓ'கீஃப் வரைந்திருப்பது, என் கண்ணுக்கு, அதற்குக் கீழே பக்கத்துக்கு ஒன்றாக இருக்கும் சின்னத் துளை. ஒரே எலும்பு சுற்றி வளைத்த முட்டை வடிவ ஜன்னல். எக்ஸ்ரேயில் பார்த்தால் இரண்டு கண் மாதிரி தெரியும். புதிதாகச் சேரும் பிள்ளைகள் "மேடம், முகம் மாதிரி இருக்கு" என்பார்கள். ஆப்டுரேட்டர் ஃபொராமென் என்று பெயர். அதன் வழியாக எந்தக் குழந்தையும் வந்ததில்லை. ஒரு நரம்பும் இரண்டு ரத்தக் குழாயும் ஓரமாக நுழைந்து தொடைக்குப் போகும், அவ்வளவுதான்.

இதில் இன்னொரு விஷயம் இருக்கிறது. ஆப்டுரேட்டர் என்றால் லத்தீனில் அடைப்பது என்று அர்த்தம். துளைக்கு ஏன் அடைப்பு என்று பெயர்? படிக்கிற காலத்தில் சிரித்தோம். காரணம் என்னவென்றால், உயிரோடு இருக்கிற உடம்பில் அது துளையே இல்லை. கெட்டியான ஒரு சவ்வு அதை அநேகமாக முழுக்க மூடியிருக்கும். இரண்டு பக்கமும் தசை ஒட்டியிருக்கும். மாடோ மானோ மனுஷியோ, செத்து, தசை போய், சவ்வு காய்ந்து உதிர்ந்த பிறகுதான் அந்த ஜன்னல் திறக்கும். அதற்கும் வெயில் வேண்டும், காற்று வேண்டும், பருந்தும் எறும்பும் வேண்டும், கொஞ்ச வருஷமும் வேண்டும். கோஸ்ட் ரேஞ்சில் எல்லாமே தாராளம்.

அவர் அந்தத் துளையின் பெயரைத் தெரிந்துகொண்டு வரைந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. எடுத்தார், தூக்கிப் பிடித்தார், நீலம் தெரிந்தது. என்ன தெரிந்ததோ அதை வரைந்தார். அதில் பிள்ளையை இழந்தவளின் துக்கம் இருக்கிறதா என்று இப்போது நான் தேடுவதில்லை. இருந்தால் அது அவருடையது. ஸ்டீக்லிட்ஸ் 1946 ஜூலையில் இறந்தார். மூன்று வருஷம் அவருடைய படங்களையும் காகிதங்களையும் பிரித்து ஒழுங்குசெய்து கொடுத்துவிட்டு, 1949-ல் இவர் நியூ மெக்ஸிகோவுக்கே குடிபெயர்ந்துவிட்டார். பிறகு முப்பத்தேழு வருஷம். பார்வையின் நடுப்பகுதி மங்கி, 1972-க்குப் பிறகு யார் உதவியும் இல்லாமல் எண்ணெய் ஓவியம் வரைய முடியாமல் போனது. 1986-ல், தொண்ணூற்றெட்டு வயதில் காலமானார். சாம்பலை பெடர்னால் மலை உச்சியில் தூவினார்கள். பொறுக்கி எடுத்து வைக்க அவருடைய எலும்பு ஒன்று கூட மிச்சமில்லை.

என் வீட்டில் ஒரு பெல்விஸ் ஃபிலிம் இருக்கிறது. என் அம்மாவுடையது.

2016-ல் பின்கட்டில் பாசியில் வழுக்கி விழுந்தார். ஆட்டோவில் கொண்டுவரும்போதே தெரிந்துவிட்டது. ஒரு பாதம் வெளிப்பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. இடுப்பு மூட்டு உடைந்தவர்களுக்கு அப்படித்தான் இருக்கும். அந்தக் காலை உள்பக்கம் திருப்பக் கூடாது, கிடக்கிறபடியே விட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். டியூட்டியில் வேறு ஆள் இருந்தான். "நீங்க வெளிய இருங்கக்கா, நான் எடுக்கிறேன்" என்றான். நானே எடுத்தேன். வாய் பழக்கத்தில் அந்தக் கேள்வி நாக்கு நுனி வரை வந்துவிட்டது. எழுபத்தொரு வயது அம்மாவிடம்! நான் சிரித்ததைப் பார்த்து, அவ்வளவு வலியிலும், "என்னடி?" என்றார். அப்புறம் சொல்கிறேன் என்றேன்.

ஆபரேஷன் நடந்தது. எட்டு மாசம் இருந்தார். அந்த எட்டு மாசத்தில் சொல்ல மறந்துபோனேன்.

ஃபிலிம் அப்படியே பழுப்புக் கவரில் பீரோ மேல் கிடந்தது. போன மாசம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போட மொட்டை மாடிக்குப் போகும்போது கூடவே எடுத்துப் போனேன். எப்போதும் வியூ பாக்ஸில் மாட்டிப் பார்த்தே பழக்கம். ஓ'கீஃப் செய்ததை ஒரு தடவை செய்து பார்ப்போமே என்றுதான். பத்து மணி வெயில். மேகம் இல்லை. இரண்டு கையாலும் மூலைகளைப் பிடித்து வானத்துக்கு நேரே தூக்கினேன்.

ஃபிலிமில் எல்லாமே தலைகீழ் என்பது எனக்குத் தெரியாததில்லை. கதிர் தடையில்லாமல் போன இடம் கறுத்துப்போகும். எலும்பு தடுத்த இடம் தெளிவாக, கண்ணாடி மாதிரி நிற்கும். ஆனால் வானத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் அதைப் பார்த்தேன். இரண்டு துளைகளும் இருட்டு. நடுவில் நாங்கள் நாலு பேர் வந்த அந்த வளையமும் இருட்டு. எலும்பு மட்டும், உடைந்த இடத்தில் ஒரு கோணல் கோட்டோடு, நீலமாக இருந்தது.

கீழே கேஸ்காரர் மணி அடிக்கும் வரை பிடித்துக்கொண்டிருந்தேன். கை வலித்தது.